மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது

மகனே, இதை எழுதும்போது நீ பாயில் குப்புற விழுந்து, தலையைத் தூக்க முடியாமல் மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு கிடக்கிறாய். படிக்கும்போது உனக்கு என் வயசு ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். மீசை இருக்கும், ஒரு வேலை இருக்கும், அப்பன் சொல்வதெல்லாம் பழைய கதை என்ற நினைப்பும் இருக்கும். இருக்கட்டும். அடுத்த வாரம் நான் மஸ்கட் போகிறேன். அங்கே ஒரு அச்சகத்தில் ஆப்செட் மெஷினுக்கு ஆள் கேட்டார்கள், கிடைத்துவிட்டது. லீவுக்கு வந்து போவேனே தவிர, வருஷக்கணக்கில் உன் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. அதனால் ஒரு விஷயத்தை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். உன் அம்மா, "பிள்ளைக்கு இன்னும் தலையே நிக்கல, அதுக்குள்ள புத்திமதி எழுதுதீங்களாக்கும்" என்கிறாள். புத்திமதி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நீ பிறந்த சமயத்தில் நான் கண்ணால் பார்த்தது. நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் தூங்கிக்கொண்டிருந்தாய். பிரச்சினையே அதுதான்.

நீ கார்த்திகைக் கடைசியில் வர வேண்டியவன். ஐப்பசியிலேயே வந்துவிட்டாய். வளைகாப்பு முடிந்து அம்மாவை அவள் பிறந்த ஊருக்கு அழைத்துப்போன சூடு ஆறவில்லை, கையில் போட்ட கண்ணாடி வளையலில் பாதிகூட உடையவில்லை, அதற்குள் வலி வந்து கோவில்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அம்மாவுக்குத் தாயார் இல்லை. பிரசவம் பார்க்கிற பொறுப்பை உன் மாமாவும் அத்தையும், அதாவது அவளுடைய அண்ணனும் மதினியும், எடுத்துக்கொண்டார்கள். நான் அச்சகத்திலிருந்து கையில் மை துடைக்காமல் போய் நின்றபோது நீ ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாய். மாசம் முடியாத பிள்ளை என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், வயர் வயராக மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒன்றுமில்லை. அம்மா பக்கத்தில் துணி சுற்றிப் படுத்திருந்தாய். இரண்டு கிலோவும் கொஞ்சமும். மூக்கு, நகம், முடி எல்லாம் சரியாக இருந்தது. "முழுப் பிள்ளைதானே சிஸ்டர் இது? அப்புறம் என்ன குறை?" என்று கேட்டேன்.

அந்த வார்டு சிஸ்டருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. என்னைப்போல ஒரு ஆள். "பெட்டிக்கு இவன் பெருசு, வீட்டுக்கு இவன் சிறுசு," என்றாள். "ஒரு கிலோப் பிள்ளைன்னா எல்லாரும் பயந்து பாத்துக்கிடுவாங்க. இவனை மாதிரிப் பிள்ளைங்கதான் ஏமாத்தும். வெளிய பெயின்ட் அடிச்சு முடிச்சாச்சு, உள்ள வயரிங் பாக்கி." எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. என்ன வயரிங் பாக்கி என்று விடாமல் கேட்டேன். "சப்பணும், முழுங்கணும், மூச்சு விடணும். மூணையும் மாத்தி மாத்திச் செய்யணும். உங்களுக்கு அது ஒரு வேலையாத் தெரியாது. இவனுக்கு அது மூட்டை தூக்குத மாதிரி" என்றாள்.

எங்கள் அச்சகத்தில் தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கிறோம். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒரே தாள் நாலு தடவை மெஷினுக்குள் போய் வரும். நாலும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும், அதற்கு ரிஜிஸ்டர் என்று பேர். மயிரிழை தள்ளிப்போனாலும் லேபிளில் இருக்கிற கிளிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். நீ பால் குடித்தது அந்தக் கிளி மாதிரிதான். சப்புவாய், முழுங்க மறந்துவிடுவாய். முழுங்குவாய், மூச்சுக்குத் திணறுவாய். மூன்றும் தப்பித்தவறி ஒரு வரிசைக்கு வந்துவிட்டால் அந்த அலுப்பிலேயே தூங்கிப்போவாய். மெஷின் ஓடாமல் நின்றால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறும், அதை அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உன்மேல் கோபம் வரவில்லை. இவ்வளவு சின்னதுக்குள் இத்தனை வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். தாயின் வயிற்றுக்குள் கடைசி ஒரு மாசம் பிள்ளை சும்மா எடை போட்டுக்கொண்டிருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மாசம் பூராவும் ரிஜிஸ்டர் சரி பார்க்கிற வேலை நடக்கிறதாம். நீ அதற்கு முன்னாலேயே டெலிவரி ஆன சரக்கு.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது சிஸ்டர் சொன்னதையெல்லாம் ஏன், எதற்கு என்று கேட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். இவன் பசிக்கு அழ மாட்டான், இரண்டு மணி, மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களாக எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்றாள். ஏன் அழ மாட்டான்? அழுவதற்கும் தெம்பு வேண்டும், அந்தத் தெம்புக்குப் பால் வேண்டும், பாலுக்கு முழிக்க வேண்டும். மார்பில் குடித்துக் களைத்துவிட்டால் மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்ட வேண்டும். குளிப்பாட்டக் கூடாது, துணியை நனைத்துத் துடைத்தால் போதும். சாம்பிராணிப் புகை ஆகாது. தலைக்குக் குல்லா, காலுக்கு உறை. இந்தக் கரிசல் வெக்கையில் யாருக்குக் குளிரப்போகிறது என்று கேட்டேன். "டம்ளர்ல காப்பி சீக்கிரம் ஆறுமா, சட்டியில சீக்கிரம் ஆறுமா?" என்று திருப்பிக் கேட்டாள். டம்ளரில்தான். சின்ன பொருளுக்கு எடை கம்மி, எடைக்குத் தோல் ஜாஸ்தி. நான் படித்த பாடம்தான், உனக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை. கடைசியாக, "மஞ்சக் காமாலை வருதான்னு பாருங்க. உள்ளங்கால், நெஞ்சு, வயிறு, விரல வச்சு அழுத்தி எடுத்தா அந்த இடம் மஞ்சளாத் தெரியக் கூடாது. மாசம் முடிஞ்ச பிள்ளைக்கு வந்துட்டுப் போயிரும். இவனுக்கு லேட்டா வந்து தங்கிரும்" என்றாள். ஏன் என்று வாயைத் திறந்தேன். "என்ஜினியர் சார், ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு கேட்டா நான் மத்த பிள்ளைங்களை எப்பப் பாக்க?"

"நான் என்ஜினியர் இல்ல சிஸ்டர். டிப்ளமோ."

"அதான் இவ்வளவு கேள்வி. என்ஜினியர்னா தலையாட்டிட்டுப் போயிருப்பாரு. சட்டையக் கழத்துங்க."

கிளம்புகிற நேரத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லி, உன்னைத் துணியில்லாமல் என் நெஞ்சில் ஒட்டவைத்து, மேலே ஒரு போர்வையைச் சுற்றிவிட்டாள். அம்மா குளிக்க, சாப்பிடப் போகும்போது இப்படி நான் வைத்துக்கொள்ள வேண்டுமாம், உடம்புச் சூடுதான் உனக்குப் பெட்டியாம். பெண்கள் நிறைந்த வார்டில் வெற்று உடம்போடு உட்கார்ந்திருந்தேன். வெட்கம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. நீ மூச்சு விடுவதை என் தோல் கேட்டது. வேகமாக நாலைந்து மூச்சு, அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் மறுபடி. அந்த நிறுத்தத்தில் நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மாமா வீடு விளாத்திகுளம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மிளகாயும் பருத்தியும். நான் தினமும் விடிந்ததும் பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்கு வேலைக்குப் போய்விட்டு, இருட்டியபின் வந்துசேருவேன். உன்னையும் அம்மாவையும் உள்ளறையில் வைத்திருந்தார்கள். தீட்டு கழிகிறவரை தாயும் பிள்ளையும் வெளியே வரக் கூடாது, காற்று படக் கூடாது, கண் படக் கூடாது. ஒரே ஒரு மர ஜன்னல், அதையும் சாக்கை அடைத்து மூடியாயிற்று. உத்திரத்தில் ஒரு குண்டு பல்பு, ராப்பகலாக எரியும். வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பல்புக்குக் கீழே குனிந்து உன்னைப் பார்த்துவிட்டு ஒரே பாட்டைப் பாடினார்கள். "எப்படிப் பிள்ளை பாருங்க. சத்தம் காட்டல்லியே." "பெத்தவளுக்குத் தொந்தரவே கொடுக்காத பிள்ளை." "அப்பன் வாய்க்கு இது நேர்மாறு." தூக்கத்தில் உன் உதடு கோணினால், நரி விரட்டுகிறது, அதான் சிரிக்கிறான் என்பார்கள். எந்த நரி, ஏன் விரட்டுகிறது என்று நான் கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

அத்தையைப் பற்றி நீ தப்பாக நினைக்கக் கூடாது. மாமா மிளகாய் கொண்டு சந்தைக்குப் போய்விட்டால் காடு கரை, மாடு, ஆள் எல்லாம் அவள் பொறுப்பு. அதற்கு நடுவில் அம்மாவுக்குப் பத்தியச் சமையல், வெந்நீர், உனக்குத் துணி அலசல். சாம்பிராணி கூடாது என்றதும் சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். குளிப்பாட்ட வேண்டாம் என்றதற்கும் முணுமுணுத்தபடி சரி என்றாள். ஒன்றுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "தூங்குத பிள்ளைய எழுப்பலாமா தம்பி? பசிச்சா அவனே கேப்பான். எனக்கு ரெண்டு பிள்ளை வளரல?" என்பாள். அவள் பிள்ளைகள் மாசம் முடிந்து பிறந்து, ஊரைக் கூட்டிய பிள்ளைகள். உன் அம்மா எழுப்பத்தான் செய்தாள். உள்ளங்காலைச் சுண்டுவாள், துணியை அவிழ்ப்பாள், காதைத் தடவுவாள். நீ ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து, நாலு தடவை சப்பிவிட்டு மூடிக்கொள்வாய். பாலாடையில் ஊற்றினால் கடைவாய் வழியாக வழிந்துவிடும். நான் வந்து பல்பு வெளிச்சத்தில் உன் உள்ளங்காலை அழுத்திப் பார்ப்பேன். நன்றாகத்தான் தெரிந்தது. முகம் கொஞ்சம் மஞ்சள் அடித்தமாதிரி இருந்ததற்கு அத்தை காரணம் வைத்திருந்தாள். "உங்க வீட்டுக்காரி தேய்ச்சுக் குளிக்க மஞ்சளுக்கு ஒரு கிழங்கு பத்த மாட்டேங்கு. அவ மேலயே கிடக்குத பிள்ளை, ஒட்டாம என்ன செய்யும்?" உண்மைதான். அம்மாவின் சேலை மாராப்பு, தலையணை, உன் குல்லா எல்லாவற்றிலும் மஞ்சள். நானும் நம்பினேன்.

அந்த மழை மட்டும் வந்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் நம்பியிருப்பேனோ தெரியாது. முந்தின நாள் பெய்த மழையில் ஊருக்குள் பஸ் வரவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் கரண்டும் போய்விட்டது. உள்ளறை இருட்டிக்கொண்டதால் அத்தை வேறு வழியில்லாமல் ஜன்னல் சாக்கை உருவி எடுத்தாள். வானம் மூடி, வெயில் இல்லாமல், வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம் உள்ளே வந்தது. கலர் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது, எந்த அச்சகத்திலும் கேட்டுப்பார். நான் உன்னைப் பார்த்தேன். முகம் மட்டுமில்லை, நெஞ்சு, வயிறு, தொடைவரைக்கும் நீ மஞ்சளாக இருந்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள் மை எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதைக் குண்டு பல்புக்குக் கீழே பார்க்கக் கூடாது, அந்த வெளிச்சமே மஞ்சள், மஞ்சளை அது விழுங்கிக் காட்டும் என்று புதுப் பையன்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே நான்தான். லேபிளுக்குத் தெரிந்தது பிள்ளைக்குத் தோன்றவில்லை.

மஞ்சள் மையைச் சரிபார்க்க மெஷின்காரர்கள் ஒரு துண்டு நீலக் கண்ணாடித்தாள் வைத்திருப்போம். அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளைத் தாளில் இருக்கிற மஞ்சள் கறுப்பாகத் தெரியும். என் பையில் ஒன்று கிடந்தது. எடுத்து வந்து கண்ணில் வைத்துக்கொண்டு உன்மேல் குனிந்தேன். அத்தை வாசற்படியில் நின்று, "என்ன தம்பி, பிள்ளையக் கூலிங் கிளாஸ் போட்டுப் பாக்குதீங்க?" என்றாள். பார்த்ததில் நீ பூராவும் கறுப்பாகத் தெரிந்தாய். என் கையை வைத்துப் பார்த்தேன், அதுவும் கறுப்பு. நம் தோலின் மாநிறமே நீலத்தை விழுங்கிவிடுகிறது, வெள்ளைத் தாளின் கணக்கு நம்மிடம் செல்லாது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

"தீட்டு கழியல. வெளிய சேறு முழங்கால் மட்டும் கிடக்கு. பூசுன மஞ்சளுக்காகப் பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுவாகளா? மழை விட்டதும் இளவெயில்ல காட்டுனாச் சரியாயிரும்" என்றாள் அத்தை. எனக்குக் குரல் ஏறியது. அவளுக்கும் ஏறியது. நாங்கள் இரண்டுபேரும் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் உன் அம்மா சத்தமில்லாமல் எழுந்து போனாள். மாமாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்தாள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, உன் வயிற்றையும் தொடையையும் அழுத்தித் துடைத்தாள். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

"மதினி, இங்கன பாருங்க. மஞ்சன்னா துணியில வரணும்ல."

துணி வெள்ளையாக இருந்தது. நீ மஞ்சளாகவே இருந்தாய்.

அம்மா நிறுத்தவில்லை. "இன்னொண்ணு. எனக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லா வலிக்கு. நல்லாப் பால் ஊறுதுன்னு எல்லாரும் சந்தோசப்படுதீங்க. அவன் குடிச்சா ஏன் கட்டணும்?" என்றாள். அத்தை துணியைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு உன் உள்ளங்காலை அவளே விரலால் அழுத்தி எடுத்தாள். முற்றத்தைப் பார்த்து, "ஏங்க, மாப்பிள்ளைக்கு வண்டிய எடுங்க" என்று மாமாவுக்குக் குரல் கொடுத்தாள். தீட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு வண்டி ஓட்டியிருக்கிறாயா? நீ படிக்கும் காலத்தில் அங்கே தார் ரோடு வந்திருக்கும். அன்றைக்கு மாமாவின் டி.வி.எஸ் ஃபிஃப்டியில் நானும், பின்னால் அம்மாவும், அம்மாவின் ரவிக்கைக்குள் தோலோடு தோலாக நீயும். ஊர் எல்லை தாண்டவில்லை, மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டில் அடைத்து, சக்கரம் சுற்ற மறுத்துவிட்டது. குச்சியால் நோண்டி எடுத்தால் பத்தடியில் மறுபடி. வண்டியைப் பருத்திக்குள் தள்ளிப் போட்டுவிட்டு நடந்தோம். செருப்பு ஒன்று ஒரு கிலோ கனத்தது, அதையும் கழற்றி எறிந்தோம். பிரசவித்த உடம்போடு உன் அம்மா அந்தச் சேற்றில் நடந்ததை நீ மறக்கக் கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். நடக்கும்போது அவள் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "மூச்சு விடுதானா பாருங்க." நான் மாராப்பை விலக்கிக் காதை வைத்துக் கேட்பேன். "விடுதான்." மறுபடி நடப்போம். ரோட்டில் ஒரு மிளகாய் லாரிக்காரன் நிறுத்தி ஏற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அதே சிஸ்டர். உன்னைப் பிரித்து மேசையில் போட்டுக் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். நீ அழவில்லை. முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கினாய். அதுவரை என்னோடு மல்லுக்கு நின்ற அந்த மனுஷி பேச்சை நிறுத்திவிட்டாள். அப்போது வந்த பயம் சேற்றில் வரவில்லை. டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார்: மஞ்சள் ரொம்ப ஏறியிருக்கிறது, லைட்டில் வைப்போம், நாளைக்குள் இறங்காவிட்டால் திருநெல்வேலிக்கு அனுப்பி ரத்தத்தை மாற்ற வேண்டி வரும், அதையும் தாண்டி ஏறினால் மூளைக்குள் போய்விடும். போனால் என்ன ஆகும் என்று அம்மா கேட்டாள். காது போகலாம், கை கால் இழுக்கலாம், பிள்ளையே போகலாம் என்றார்.

லைட் என்றால் நான் ஏதோ கதிர், கருவி என்று நினைத்தேன். பார்த்தால் ஒரு தொட்டில், அதற்கு மேலே வரிசையாக நீல டியூப்லைட்டுகள், சுற்றிலும் ஒரு வெள்ளைத் துணி. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, இடுப்பில் மட்டும் ஒரு துண்டோடு உன்னை அதற்கடியில் படுக்கவைத்தாள். "ஊசி, மருந்து ஒண்ணும் கிடையாதா சிஸ்டர்?" "லைட்டுதான் மருந்து." "வெறும் நீல டியூப்லைட்டா?" "தோலுக்கு அடியில இருக்க மஞ்சளை அது மாத்தி விட்டுரும். மூத்திரத்துல, மலத்துல வெளிய போயிரும். அதுக்குப் பாலும் உள்ள போகணும். பீச்சிக் கொடுங்க, டியூப் வச்சு நான் ஏத்துதேன்." ஏன் நீலம், சிவப்பு போட்டால் ஆகாதா என்றேன். தெரியாது, டாக்டரைக் கேளுங்கள் என்றாள். நான் டாக்டரைக் கேட்கவில்லை. அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கையிலேயே விடை வந்துவிட்டது. மஞ்சள் ஏன் மஞ்சளாகத் தெரிகிறது? வெளிச்சத்தில் இருக்கிற நீலத்தை அது விழுங்கிக்கொள்வதால். அதனால்தான் நீலத்தாள் வழியாகப் பார்த்தால் மஞ்சள் மை கறுப்பாகிறது. உன் உடம்பில் இருந்த மஞ்சளும் நீலத்தை விழுங்கும், விழுங்கியதும் அது வேறாக மாறிக் கரைந்து போகும். சுற்றியிருந்த வெள்ளைத் துணி மறைப்புக்கு இல்லை, சிந்துகிற வெளிச்சத்தை மறுபடி உன்மேல் திருப்பிவிட. சேற்றுக் காலோடு நின்று இதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். மகன் பிழைப்பானா என்று தெரியாத நேரத்தில் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். வந்தது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் அந்த லைட்டை நம்ப முடிந்தது.

சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். குண்டு பல்பு விஷயத்தையும் சொன்னேன். அவள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அழுத்திப் பாருங்கன்னுதான் சொல்லுதோம். எந்த வெளிச்சத்துலன்னு சொல்லுததில்ல" என்றாள். அன்று சாயங்காலம் வேறொரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது, "வீட்டுல என்ன பல்பு போட்டிருக்கீங்க?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்தத் தகப்பன் ஒன்றும் புரியாமல், "நாப்பது வாட்ஸு" என்றான்.

மறுநாள் மத்தியானம். அம்மாவும் அத்தையும் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை முதல் பஸ்ஸிலேயே சோற்றுப் பாத்திரத்தோடு வந்துவிட்டாள். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். காலையில் எடுத்த ரத்தத்துக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லை. திருநெல்வேலிக்குக் கார் பேச வேண்டுமா என்று எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பிள்ளை அழுதது. வார்டில் எப்போதும் ஏதாவது பிள்ளை அழும், நான் திரும்பவில்லை. அது நிற்கவில்லை. பூனை கத்துகிறமாதிரி ஆரம்பித்து, கரகரத்து, ஏறிக்கொண்டே போனது. அப்புறம் அத்தையின் குரல் கேட்டது. "ஏட்டி, நம்மவன்ட்டி."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்கட்டு நழுவி மூக்கில் கிடக்க, லைட் வெளிச்சம் பட்டு உடம்பெல்லாம் நீலமாகத் தெரிய, இரண்டு முஷ்டியையும் இறுக்கிக்கொண்டு நீ கத்திக்கொண்டிருந்தாய். யாரும் காலைச் சுண்டவில்லை. ஊசி குத்தவில்லை. உனக்குப் பசித்தது, நீயாக முழித்தாய், நீயாகக் கேட்டாய். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. அம்மா தூக்கப் போனாள், சிஸ்டர் கையைக் காட்டித் தடுத்தாள். "ஒரு நிமிசம் கத்தட்டும். நானும் கேட்டுக்கிடுதேன்." பிறகுதான் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு நீ குடித்த சத்தம் நான் வராந்தாவுக்கு வந்த பிறகும் கேட்டது. சப்பி, முழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி சப்பி. கிளிக்கு ஒரே மூக்கு. ரிசல்ட் பிறகுதான் வந்தது, இறங்கியிருந்தது. அதைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பியதும் உள்ளறை ஜன்னல் திறந்தே இருந்தது, உத்திரத்தில் மாமா ஒரு டியூப்லைட் மாட்டியிருந்தார். நீ கத்த ஆரம்பித்தவன் இன்றுவரை நிறுத்தவில்லை. காதில் டாக்டர் மணி அடித்துப் பார்த்தார், சட்டென்று திரும்பினாய். கை கால் பழுதில்லை. பக்கத்து வீட்டில் ஒருத்தி, "என்ன இந்தப் பய ஊரையே தூக்குதான்? முதல்ல எப்படி நல்ல பிள்ளையாக் கிடந்தான்" என்று கேட்க, அத்தை சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "நல்ல பிள்ளையா இருந்து நாங்க பட்டது போதும். அவன் கெட்ட பிள்ளையாவே இருந்துட்டுப் போறான்."

நான் உனக்குச் சொல்ல நினைத்ததும் அதுதான். ஊர் உன்னைச் சத்தம் போடாத பிள்ளை, தொந்தரவு கொடுக்காத பிள்ளை என்று புகழ்கிறபோது சந்தேகப்படு. வேலை பார்க்கிற இடத்தில் புகழ்வார்கள், மாமனார் வீட்டில் புகழ்வார்கள், நண்பர்களும் புகழ்வார்கள். உள்ளே ஏதோ குறைந்துகொண்டு வருகிறதா என்று அப்போது பார்த்துக்கொள். உன்னால் பார்க்க முடியாவிட்டால் நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி யாரையாவது பார்க்கச் சொல். உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் மோசமானவர்கள் என்று அர்த்தமில்லை. உன்மேல் உயிரை வைத்திருந்தவர்கள்தான் அந்தப் பல்புக்குக் கீழே உட்கார்ந்து உன்னைப் புகழ்ந்தார்கள். நானும் அதில் ஒருத்தன். உனக்குப் பெண்டாட்டி வந்து, அவள் சத்தமில்லாமல் ஒரு துணியை நனைத்து எதையாவது துடைத்துப் பார்த்தால், உன் கத்தலை நிறுத்திவிட்டு அந்தத் துணியைப் பார். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை மாசம் முடியாமல் பிறந்தால், மற்றதெல்லாம் அப்போது இருக்கிற சிஸ்டர் சொல்வாள். ஏன் என்று கேட்டு வாங்கிக்கொள்.

மஸ்கட்டிலிருந்து மாசத்துக்கு ஒரு தடவைதான் போன் பேச முடியும் என்கிறார்கள். விளாத்திகுளம் பூத்துக்கு அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நேற்று அவளிடம் ஒன்று சொல்லிவைத்தேன். பிள்ளை நல்லாருக்கான் என்று என்னிடம் சொல்லாதே, போனை அவன் வாய்க்குப் பக்கத்தில் வை, ஒரு நிமிஷம் கத்தவிடு. "தூங்கிட்டிருந்தா?" என்றாள். எழுப்பு என்றேன். "பூத்துக்காரரு என்னைய விரட்டிவிடுவாரு" என்று சொன்னாளே தவிர, மாட்டேன் என்று சொல்லவில்லை.

இதைப் படித்து முடித்ததும் நீயும் எனக்கு ஒரு போன் போடு. எந்த ஊரில் இருந்தாலும் சரி. நல்லாருக்கேம்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதே. அந்தச் சொல்லை வைத்து எனக்கு ஒன்றும் தெரியாது. என்ன குறை, என்ன வேணும் என்று கேள். சத்தமாகக் கேள். உன் குரலை வைத்து மிச்சத்தை நான் தெரிந்துகொள்வேன்.